தோத்துப் போறதுக்கும் மனசு விட்டுப் போறதுக்கும் இங்கிலீஷ்ல எந்த வார்த்தை?

மார்ச் 3, இரவு 10.40

ஒரு சந்தேகம், ரெண்டு நாளா மண்டையக் குடையுது. ஆபீஸ்ல ஒரு திட்டத்துக்கு நான் எழுதின ப்ரபோசல் மூணாவது தடவையா திரும்பி வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே மேனேஜருக்கு மெயில் போட்டேன், அதுல ஐ ஆம் டிப்ரெஸ்டு, ஐ கேன்னாட் கன்டினியூன்னு ஒரு வரி. நான் சொல்ல வந்தது மனசு விட்டுப் போச்சு, இனிமே இதை இழுக்கத் தெம்பில்ல, அவ்வளவுதான். அரை மணி நேரத்துல அவங்க போன் பண்ணி ரொம்ப மெதுவா, டாக்டரைப் பாத்தீங்களா, தூக்கம் வருதா, வீட்ல யாராவது கூட இருக்காங்களா, லீவு வேணுமான்னு ஒண்ணு ஒண்ணா கேக்குறாங்க. நான் எழுதின வார்த்தை அவங்களுக்கு ஒரு வியாதியோட பேரா கேட்டிருக்கு. அவங்க பயந்ததுல தப்பே இல்ல, அந்த வரியை இன்னொருத்தர் எனக்கு எழுதியிருந்தா நானும் அப்படித்தான் பதறியிருப்பேன். ஆனா நான் சொல்ல நினைச்சது அது இல்லயே.

அப்போ எந்த வார்த்தை? தமிழ்ல தோத்துட்டேன்னு ஒரே வார்த்தையில வேலை முடிஞ்சுடுது, அடி வாங்கினதும் அதுதான், அடி வாங்கி உக்காந்துட்டதும் அதுதான். இங்கிலீஷ்ல இருபது முப்பது இருக்கு, எதை எங்க போடணும்னு பிடிபடல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 3, இரவு 10.55

மேல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். டிப்ரெஸ்டுன்னு சும்மா பேச்சுல சோகத்துக்கும் சொல்லுவாங்க, எனக்கும் தெரியும். வேலை சம்பந்தமான எழுத்துல, அதுவும் கன்டினியூ பண்ண முடியாதுன்னு பக்கத்துலயே போட்டா, அது நோயாத்தான் படிக்கப்படும். நிஜமாவே அந்த நோயில இருக்கிறவங்களுக்கு அந்த வார்த்தை வேணும், அவங்க சொன்னா உடனே கேக்கணும். அதை நான் என் ப்ரபோசலுக்கு செலவழிச்சுட்டேனேங்கிறதுதான் எனக்கு உறுத்துது.

மார்ச் 4, காலை 7.15

ரெண்டு பேர் டிஸப்பாய்ன்டட்னு போட்டா போதும்னு சொல்லியிருக்கீங்க. ராத்திரி அகராதியைப் புரட்டினேன். அந்த வார்த்தை பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்ததாம், முதல்ல அதுக்கு அர்த்தம் ஒருத்தரை பதவியிலேர்ந்து எடுக்கிறது. அப்பாய்ன்ட் பண்றதுக்கு நேர் எதிர். கிடைச்ச நாற்காலியை யாரோ உருவிட்டாங்க, அந்த ஏமாத்தம். நல்லா இருக்கு, ஆனா என் விஷயத்துக்கு முழுசா ஒட்டல. முதல் தடவை ப்ரபோசல் திரும்பி வந்தப்போ நான் டிஸப்பாய்ன்டட், அதுல சந்தேகமே இல்ல, எதிர்பார்த்தேன் கிடைக்கல. மறுநாளே உக்காந்து திருத்தி எழுதிட்டேன். மூணாவது தடவை அப்படி இல்ல. ஃபைலைத் திறக்கவே கை எழும்பல. அதுக்கு டிஸ்கரேஜ்டுதான் சரின்னு இப்போ தோணுது.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் வித்தியாசம் இதான். டிஸப்பாய்ன்டட்ங்கிறது நடந்து முடிஞ்சதைப் பாத்துட்டு நிக்குது. டிஸ்கரேஜ்டுங்கிறது அடுத்த தடவையைப் பாத்து பின்வாங்குது. ஒருத்தர் டிஸப்பாய்ன்டடா இருந்துக்கிட்டே நாளைக்கு மறுபடி முயற்சி பண்ணலாம். டிஸ்கரேஜ்டா இருக்கிறவருக்கு அந்த நாளைக்குங்கிறதுதான் பிரச்சனை.

கரேஜுக்கு உள்ள இருக்கிறது லத்தீன் கோர், அதாவது இதயம். டிஸ் போட்டா அதை எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். டிஸ்ஹார்ட்டன்டும் அதே கட்டுமானம்தான், பிரெஞ்சு வழியா வராம ஹார்ட்டுன்னு நேராவே இங்கிலீஷ் வார்த்தையை வச்சுக் கட்டினது. லூஸ் ஹார்ட்டுன்னு சொல்றதும் அதே. மூணுமே நம்ம "மனசு விட்டுப் போச்சு"க்கு எவ்வளவு கிட்ட இருக்கு பாருங்க.

மார்ச் 4, மதியம் 1.30

கீழ ஒரு தம்பி, டிஃபீட்டடுன்னு போட்டா என்னன்னு கேட்டிருக்கார். போடலாம். டிஃபீட்டுக்கும் வேர் லத்தீன்தான், பிரிச்சுப் பாத்தா செஞ்சதை செய்யாததா ஆக்குறது, கட்டினதைக் கலைக்கிறதுன்னு வரும். ஃபேக்ட், ஃபீட் எல்லாம் ஒரே குடும்பம், செய்யுறதுங்கிற வேர். சாதனைக்கு ஃபீட்டுன்னு சொல்றோம்ல, அதைக் கலைச்சா டிஃபீட். மேட்ச்ல தோத்தவரை டிஃபீட்டடுன்னா வெறும் தகவல். ஷீ ஃபெல்ட் டிஃபீட்டடுன்னா மேட்சே தேவையில்ல, உள்ளுக்குள்ள கலைஞ்சு போச்சு. ஃபெல்ட்டுங்கிற ஒரு சின்ன வார்த்தை மொத்த சமாச்சாரத்தையும் உள்ள திருப்பிடுது.

டிஃபீட்டிஸ்டுன்னு ஒண்ணு இருக்கு, அதை இதோட சேக்காதீங்க. முதல் உலகப்போர் முடியுற சமயம், 1918 வாக்குல பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தது, சண்டை நடந்துக்கிட்டு இருக்கும்போதே தோத்துடுவோம்னு பேசுறவங்களைத் திட்ட. சோர்ந்து போனவரை ஆறுதலா சொல்றதா நினைச்சு இதைப் போட்டா அவரைக் குத்தவாளி ஆக்கினதா ஆயிடும்.

மார்ச் 4, இரவு 9.20

இப்போ நான் ரொம்ப வருஷமா பண்ணிக்கிட்டிருந்த தப்பு ஒண்ணு, இங்க எழுதிடறேன், பாதிப் பேராவது இதுல மாட்டியிருப்பீங்க. "அவங்கள ஜெயிச்சுட்டோம்"னு தமிழ்ல சரளமா வருது, அதை அப்படியே வீ வன் தெம்னு எழுதுவேன். இங்கிலீஷ்ல ஆட்டத்தைத்தான் வின் பண்ண முடியும், மேட்ச், கோப்பை, கேஸ், சண்டை இதெல்லாம். எதிராளியை வின் பண்ண முடியாது, எதிராளியை பீட் பண்ணணும். வீ வன் த மேட்ச், வீ பீட் தெம். வின் தெம் ஓவர்னு எழுதினா வேற, பேசி நம்ம பக்கம் இழுத்துட்டோம்னு ஆயிடும்.

தோக்குற பக்கம் இதை விட மோசம். அவங்ககிட்ட தோத்துட்டோம்னா வீ லாஸ்ட் டு தெம். அந்த டு விட்டுப் போச்சுன்னா வீ லாஸ்ட் தெம், அவங்கள இழந்துட்டோம், செத்துப் போயிட்டாங்கன்னு கூட படிக்கலாம். ஐ ஆம் லாஸ்டுன்னா தோத்துட்டேன்னு இல்ல, வழி தவறிட்டேன், ஒண்ணும் புரியல. ஒரு குழு மெயில்ல நான் வீ ஆர் லாஸ்டுன்னு போட்டு, வெளியூர்லேர்ந்து ஒருத்தர் எங்க இருக்கீங்க, மேப் அனுப்பட்டுமான்னு பதில் போட்டார், அவ்வளவு அக்கறையா.

அப்புறம் அந்த லூஸ். தோக்குறதுக்கு ஒரு ஓ, தொளதொளன்னு இருக்கிறதுக்கு ரெண்டு ஓ. தமிழ் எழுத்துல ரெண்டும் ஒரே மாதிரி வந்துடுறதால நமக்குக் காதுலயும் ஒண்ணாயிடுச்சு. தோக்குற லூஸ்ல கடைசி ஸ் கொஞ்சம் அதிரும், தேனீ பறக்குற சத்தம் மாதிரி. தொளதொள லூஸ்ல அதிராது.

மார்ச் 4, இரவு 9.45

பீட் பத்தி ஒரு திருத்தம், மேல அவசரத்துல விட்டுட்டேன். பீட்டுக்கு இறந்த காலமும் பீட்தான், பீட்டட் கிடையாது. வி ஆர் பீட்டன்னா தோத்துட்டோம். ஐ ஆம் பீட்னு அமெரிக்காக்காரங்க சொன்னா களைச்சுப் போயிட்டேன், தோல்வி எதுவும் இல்ல. ஹீ வாஸ் பீட்டன்னு மட்டும் போட்டா தோத்தாரா உதை வாங்கினாரான்னு பக்கத்துல இருக்கிற வரிதான் சொல்லணும், அப் சேத்து பீட்டன் அப்னா கட்டாயம் உதைதான். நமக்கு இது புதுசில்ல, "செம அடி வாங்கிட்டாங்க"ன்னு மேட்சுக்கும் சொல்றோம், படம் ஓடலன்னாலும் படம் அடி வாங்கிடுச்சுங்கிறோம், நிஜ அடிக்கும் அதையே சொல்றோம்.

மார்ச் 5, மாலை 6.10

டி, டிஸ்னு ஆரம்பிக்கிற கூட்டத்தை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்தேன். பாதி வார்த்தை கீழ தள்ளுது. டிஜெக்டட்னா கீழ எறியப்பட்டது, ரிஜெக்ட், இன்ஜெக்ட் எல்லாத்துலயும் இருக்கிற அதே எறியுறதுங்கிற வேர். என் ப்ரபோசல் ரிஜெக்ட் ஆச்சு, நான் டிஜெக்ட் ஆனேன், ரெண்டும் ஒரே கை எறிஞ்சது. டிப்ரெஸ்டு கீழ அமுக்கினது. டவுன்காஸ்டும் கீழ எறிஞ்சதுதான், முக்கியமா கண்ணு கீழ போறது.

மீதி பாதி உள்ள இருந்ததை உருவுது. டிஸ்பிரிட்டட்ல உருவினது ஸ்பிரிட், அதோட லத்தீன் வேர் மூச்சு. டெஸ்பேர்ல போனது நம்பிக்கை. டிஸ்மேதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதுல இருக்கிற மே, இங்கிலீஷ்ல முடியும்னு சொல்ற மே இருக்குல்ல, அதோட வேர்தான், ஜெர்மானிக் மொழிலேர்ந்து பிரெஞ்சுக்குப் போய் சுத்திட்டு வந்தது. இயலும்ங்கிறதையே எடுத்துட்டா டிஸ்மே. திடீர்னு ஒண்ணைப் பாத்து கை கால் ஓடாம நிக்கிறோமே, அந்த நிமிஷம். அது ரொம்ப நேரம் நீடிக்காது, டிஸ்கரேஜ்டு நீடிக்கும்.

டான்ட்டுன்னு ஒண்ணு, இது லத்தீன்ல மிருகத்தைப் பழக்குறது, அடக்குறது. இன்டாமிட்டபிள்ல உள்ள இருக்கிறதும் அதேதான், அடக்க முடியாதவர். டான்ட்டிங் டாஸ்க்னா பாத்தாலே நம்மள அடக்கிடுற வேலை. இன்னும் தோக்கல, ஆரம்பிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள பணிஞ்சாச்சு.

மார்ச் 5, இரவு 11.05

முதல் பதிவுல தமிழ்ல ஒரே வார்த்தைதான்னு எழுதினேன். அது தப்பு, முழுத் தப்பு, அதை அழிக்காம அப்படியே விடுறேன், ஆனா இங்க திருத்திக்கிறேன். ஒரு அக்கா பதில்ல "நொந்து போறதும் இடிஞ்சு போறதும் ஒண்ணா"ன்னு ஒரு வரி மட்டும் கேட்டிருந்தாங்க. படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு. ஒண்ணே இல்ல. எங்கம்மா ஒரு நாளும் இதுல ஒண்ணை இன்னொண்ணுக்கு மாத்திப் போட்டதில்ல.

நொந்து போறது கொஞ்சம் கொஞ்சமா, திரும்பத் திரும்பப் பட்டு வலிச்சு வலிச்சு வர்றது. இடிஞ்சு போறது ஒரே அடியில, சேதி கேட்டதும் அப்படியே உக்காந்துடுறது. துவண்டு போறது தண்ணி இல்லாத கொடி மாதிரி, உயிர் இருக்கு, நிமிரத்தான் முடியல. சோர்ந்து போறதுல உடம்பும் சேந்திருக்கு, ஒரு தூக்கம் போட்டா சரியாகலாம். நொடிஞ்சு போறதுல பணமும் குடும்பமும் சேந்து விழுந்திருக்கும், ஒரு சின்ன விஷயத்துக்கு யாரும் நொடிஞ்சு போயிட்டேன்னு சொல்லமாட்டாங்க. வெறுத்துப் போறதுல கோபம் கலந்திருக்கு, இங்கிலீஷ்ல ஃபெட் அப்புன்னு சொல்றதுக்குப் பக்கம். விரக்தின்னா கோபம் கூட ஓய்ஞ்சு போச்சு. மனசு விட்டுப் போறதுன்னா பிடிச்சிருந்த கை தானா நழுவிடுச்சு, யாரும் பிடுங்கல.

அப்புறம் குறள். ஆள்வினையுடைமை அதிகாரத்தோட முதல் குறள், 611, "அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்"னு ஆரம்பிக்கும். அசாவுறதுன்னா தளர்ந்து போறது, இது கஷ்டமாச்சேன்னு மலைச்சு ஓய்ஞ்சுடுறது. நான் மூணு நாளா இங்கிலீஷ் அகராதியில தேடின டிஸ்கரேஜ்டுக்கு சரியான வார்த்தை பள்ளிக்கூடத்துல நானே மனப்பாடம் பண்ணி ஒப்பிச்ச வரியில இருந்திருக்கு. 597ல இன்னும் ஒண்ணு, உடம்பு முழுக்க அம்பு தைச்சும் யானை அசையாம ஊன்றி நிக்கும், அதே மாதிரி உறுதியானவங்க அழிவு வந்தாலும் "ஒல்கார்". ஒல்குறதும் தளர்றதுதான். யானைக்கு அம்பு பட்டுச்சு, அதுல சந்தேகம் இல்ல, பட்டதும் தளர்ந்ததும் வேற வேறன்னு ரெண்டு வரியில பிரிச்சு வச்சிருக்கார். என் கேள்வி மொத்தமும் அந்தப் பிரிவுதானே.

மார்ச் 6, காலை 8.00

கிரெஸ்ட்ஃபாலன் பத்திக் கேட்டவருக்கு: கிரெஸ்ட்னா சேவலோட கொண்டை. அது தொங்கிப் போனது. 16ஆம் நூற்றாண்டுலேர்ந்து இருக்கு. "மூஞ்சி தொங்கிப் போச்சு"ன்னு நாம சொல்றதுதான். நெஞ்சை நிமித்திட்டுப் போன ஒருத்தர் தோத்துட்டுத் திரும்பி வரும்போதுதான் இது பொருந்தும், முதல்லேயே அடக்கமா இருந்தவருக்குப் போடக்கூடாது.

மார்ச் 6, மாலை 7.40

மேட்ச் பாக்குறவங்க எல்லாம் த்ராஷ்டு, ஹேமர்டு, ரூட்டட்னு கேட்டு நிறைய எழுதியிருக்கீங்க. இது வேற ஊரு, இங்க தோத்தவரோட மனசைப் பத்தி பேச்சே கிடையாது, எவ்வளவு வித்தியாசத்துல தோத்தாங்கங்கிறதுதான் கணக்கு.

த்ராஷும் த்ரெஷும் ஒரே வார்த்தை. த்ரெஷ்னா கதிர் அடிக்கிறது, போரடிக்கிறது. தானியம் உதிர்ற அளவுக்கு அடி. பம்மல்னு குத்துறதுக்குச் சொல்றாங்களே, அது பாமெல்லேர்ந்து வந்தது, வாளோட கைப்பிடி நுனியில இருக்கிற குமிழ், வெட்டாம அந்தக் குமிழால இடிக்கிறது. ட்ரப்பிங் அனேகமா அரபுலேர்ந்து, அடிக்கிறதுக்கு அவங்க சொல்ற வார்த்தைலேர்ந்துன்னு அகராதிகள் சொல்லுது. ரவுட் லத்தீன்ல உடையுறதுலேர்ந்து, ரப்சர்னு சொல்றோமே அதே வேர். நம்ம பழைய போர்க் கதைகள்ல "படை முறிஞ்சு ஓடிச்சு"ன்னு வரும்ல, அச்சு அசல் அதேதான், வரிசை உடைஞ்சாத்தான் ரவுட். ஒரு கோல் வித்தியாசத்துல தோத்ததை ரவுட்னு எழுதினா பொய். அதுக்கு எட்ஜ்டு அவுட், நேரோலி பீட்டன்.

இதுல ஒரு அனுபவம், இன்னமும் மனசுல இருக்கு. ஒரு பேட்மின்டன் போட்டியில எங்க டீம் ஜெயிச்சுது, மறுநாள் எதிர் டீம் கேப்டனுக்கு நன்றி மெயில் எழுதுற வேலை எனக்கு. சந்தோஷத்துல வீ த்ராஷ்டு யூ யெஸ்டர்டே, தேங்க்ஸ் ஃபார் த கேம்னு எழுதிட்டேன். ஸ்கோர் உண்மையாவே அப்படித்தான். ஆனா ஜெயிச்சவர் வாயிலேர்ந்து தோத்தவருக்கு அந்த வார்த்தை போகவே கூடாது, மூணாவது ஆள் சொல்லலாம், தோத்தவரே கூட சொல்லிக்கலாம். அவர் பதில் போடல. அடுத்த வருஷம் பாத்தப்போ நேர்ல மன்னிப்புக் கேட்டேன், அவர் பெருந்தன்மையா தோளைத் தட்டிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் ஒரு வார்த்தையை எழுதுறதுக்கு முன்னாடி யார் யாருக்குச் சொல்றாங்கன்னு பாக்காம இருந்ததில்ல, டிப்ரெஸ்டு விஷயத்துலதான் சறுக்கிட்டேன்.

மார்ச் 6, இரவு 8.05

மேல முதல் வரியில ரூட்டட்னு எழுதியிருக்கேன், ரவுட்டட்தான் சரியான உச்சரிப்பு. ரூட்டுன்னா வழி, ரவுட்டுன்னா சிதறி ஓட்டம். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்னாலும்.

மார்ச் 7, மதியம் 12.50

செஸ் ஆடுறவர் ஒருத்தர் செக்மேட்னா ராஜா செத்தார்னு எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். பாரசீகத்துல ஷா மாத். மாத்னா செத்தார்னு அரபு வழியா ஒரு விளக்கம் இருக்கு, ஆனா பாரசீகத்துல அதுக்கு மலைச்சு நிக்கிறார், வழியில்லாம நிக்கிறார்னு அர்த்தம், பல அகராதிகள் அதைத்தான் முன்னாடி வைக்குது. ஆட்டத்தோட விதியைப் பாத்தாலும் அதுதான் பொருத்தம். மத்த காய் எல்லாம் வெட்டுப்படும், ராஜாவை யாரும் கட்டத்தை விட்டு எடுக்குறதே இல்ல. நகர எடமில்லாம நிக்கிறார், அங்கேயே ஆட்டம் முடியுது. மூணாவது ரிஜெக்‌ஷன் அன்னிக்கு நானும் அப்படி நாற்காலியிலதான் இருந்தேன், நகரத்தான் இடம் தெரியல.

மார்ச் 7, இரவு 10.30

ஃபெயில். இதைப் பத்தி எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். லத்தீன் வேர்ல ஃபெயில்னா ஏமாத்துறது, தடுக்கி விழ வைக்கிறது. ஃபால்ஸ், ஃபால்ட், ஃபாலசி எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைங்க. பொய், குத்தம், தப்பான வாதம், அதோட கூட உக்காந்திருக்கு ஃபெயில். பள்ளிக்கூடத்துல ஒரு கணக்குப் பரீட்சையில எனக்கு அந்த வார்த்தை சிவப்பு மையில விழுந்துச்சு, அப்போ இந்த வேரெல்லாம் தெரியாது, ஆனா பொய் சொல்லி மாட்டிக்கிட்ட மாதிரியேதான் கூசுச்சு. ஏன்னு இப்போ புரியுது.

தமிழ்ல பாருங்க. "தேறல." அவ்வளவுதான். தேறுறதுன்னா பாஸ் ஆகுறது. காய்ச்சல் விட்டு எழுந்தா உடம்பு தேறிடுச்சுங்கிறோம். துக்கத்துல இருக்கிறவரைப் போய்ப் பாத்து ரெண்டு வார்த்தை பேசினா அது தேறுதல். அவர் மெல்ல எழுந்து நடமாட ஆரம்பிச்சா மனசு தேறிட்டாருங்கிறோம். பரீட்சை, காய்ச்சல், துக்கம் மூணுக்கும் ஒரே வினை. தேறலன்னு சொல்லும்போது அதுல பொய்யும் இல்ல குத்தமும் இல்ல, இன்னும் ஆகலங்கிற ஒரு நிலைமை மட்டும் இருக்கு, ஒரு நோயாளி இன்னும் எழுந்திருக்கல, அவ்வளவு. நாப்பது வயசுக்கு மேல இந்த ஒரு வார்த்தையைப் பாத்து உக்காந்து அழுதேன் நான். பிள்ளைங்களுக்கு ரிசல்ட் சொல்றவங்க தயவுசெஞ்சு தேறலன்னே சொல்லுங்க.

இங்கிலீஷை மட்டம் தட்டுறதா எடுத்துக்காதீங்க. அவங்க வார்த்தையிலயும் இன்னிக்கு யாரும் ஏமாத்துறதுங்கிற அர்த்தத்தை நினைச்சு ஃபெயில்னு சொல்றதில்ல. வேர் வேற, புழக்கம் வேற. ஒருத்தர் இதைச் சரியா சுட்டிக்காட்டியிருக்கார், ஒத்துக்கிறேன். ஆனாலும் எனக்கு அந்தக் கூச்சம் உண்மை.

மார்ச் 8, காலை 6.50

த்ரோ இன் த டவல் பத்தி. குத்துச்சண்டையில கீழ விழுந்தா பத்து எண்ணுவாங்க, 1867ல வெளிவந்த குவீன்ஸ்பெரி விதிகள்ல அது இருக்கு. பத்துக்குள்ள எழுந்துட்டா நாக்டு டவுன் மட்டும்தான், எழலைன்னா நாக்டு அவுட். டவலை எறியுறதுன்னா விட்டுக்கொடுத்துட்டோம்னு அர்த்தம், முன்னாடி டவலுக்கு பதிலா ஸ்பாஞ்சு.

ஒரு விஷயத்தை நான் இத்தனை நாள் கவனிச்சதே இல்ல. டவலை எறியுறது சண்டை போடுறவர் இல்ல. மூலையில நிக்கிற அவரோட ஆள். உள்ள இருக்கிறவருக்குத் தான் எவ்வளவு அடி வாங்கியிருக்கோம்னு தெரியாது, இன்னும் ஒரு ரவுண்டு ஆடிடலாம்னுதான் நினைப்பார், வெளில நின்னு பாக்குறவருக்குத்தான் இது போதும்னு தெரியும். பேச்சு வழக்குல ஐ த்ரூ இன் த டவல்னு தனக்குத் தானே சொல்லிக்கிறது பின்னாடி வந்த பழக்கம். அந்த மேனேஜர் போன் பண்ணி லீவு வேணுமான்னு கேட்டாங்களே, அவங்க மூலையில நின்னு பாத்திருக்காங்க.

மார்ச் 8, இரவு 9.15

சுருக்கமா சில பதில்கள். சரண்டர்னா ஒப்படைச்சுடுறது. கபிட்யுலேட் ஆதியில நிபந்தனைகளைத் தலைப்பு தலைப்பா எழுதி ஒத்துக்கிட்டு அடங்குறது, சாப்டர்ங்கிறதுக்கு உறவு. சப்ஜுகேட்னா நுகத்தடிக்குக் கீழ, இது உருவகம் மட்டுமில்ல, ரோமானியர் காலத்துல தோத்த படையை ஈட்டியால கட்டின நுகத்துக்கு அடியில குனிஞ்சு போக வைக்கிற வழக்கம் நிஜமா இருந்துச்சு, கி.மு. 321ல சாம்னைட்டுகள்ங்கிற இத்தாலி மலைநாட்டு மக்கள்கிட்ட தோத்து ரோமானியப் படையே அப்படிக் குனிஞ்சு போச்சு. வாங்க்விஷுக்கும் கன்வின்ஸுக்கும் ஒரே வேர், ஜெயிக்கிறது. கன்வின்ஸ் பண்றதுன்னா வாதத்துல தோற்கடிக்கிறதுன்னுதான் ஆரம்பிச்சுது. மெட் ஹிஸ் வாட்டர்லூன்னா 1815 ஜூன் 18ல நெப்போலியனுக்கு ஆன மாதிரி கடைசி தோல்வி, அதுக்கப்புறம் எழுந்திருக்காத தோல்வி, ஒரு சீசன்ல ஒரு மேட்ச் தோத்ததுக்கு இதைப் போடாதீங்க.

டீமாரலைஸ்டு தனி ஆளை விட கூட்டத்துக்குத்தான் நல்லா உக்காரும், படை, டீம், ஊழியர்கள். முதல்ல ஒழுக்கத்தைக் கெடுக்கிறதுன்னு அர்த்தமா இருந்து, பின்னாடிதான் தைரியத்தைக் குலைக்கிறதுன்னு மாறிச்சு.

மார்ச் 9, காலை 10.20

டிஸப்பாய்ன்டட் பத்தி நான் எழுதினதுல ஒரு ஓட்டை, ஒருத்தர் பிடிச்சுட்டார். அதுக்குப் பின்னாடி என்ன வருதுங்கிறது முக்கியம். டிஸப்பாய்ன்டட் வித் த ரிசல்ட், அட் த ரிசல்ட்னா முடிவு மேல ஏமாத்தம். டிஸப்பாய்ன்டட் இன் யூன்னா ஆள் மேலயே நம்பிக்கை போச்சு. அப்பா பிள்ளையைப் பாத்து சொன்னா உள்ள இறங்கிடும். என் முதல் மெயிலோட வரைவுல டிஸப்பாய்ன்டட் இன் த கமிட்டின்னு இருந்துச்சு, நல்லவேளை அனுப்பல.

டெஸ்பரேட்டையும் இதோட சேத்துச் சொல்லணும். டெஸ்பேரும் அதுவும் ஒரே வேர், நம்பிக்கை இழந்தது. ஆனா டெஸ்பேர்ல இருக்கிறவர் உக்காந்துடுவார், டெஸ்பரேட்டா இருக்கிறவர் எதையும் செய்யத் துணிஞ்சுடுவார். ஐ ஆம் டெஸ்பரேட்னு வேலைக்கு எழுதுற மெயில்ல போட்டா சோர்ந்து போயிட்டேன்னு படிக்கமாட்டாங்க.

ஃபர்லார்ன் ஹோப்பும் இப்படி ஏமாத்துற ஒண்ணு. ஃபர்லார்ன்ல இருக்கிறது தோக்குற லூஸோட வேரேதான், கைவிடப்பட்டதுன்னு அர்த்தம். ஆனா அந்த ஹோப் நம்பிக்கை இல்ல. டச்சு மொழியில ஹோப்னா கூட்டம், படைப்பிரிவு. முதல்ல கோட்டைச் சுவரேற அனுப்புற, திரும்பி வராதுன்னு தெரிஞ்சே அனுப்புற கூட்டம். காதுல கேட்ட மாதிரி இங்கிலீஷ்காரங்க நம்பிக்கையா மாத்திக்கிட்டாங்க.

மார்ச் 11, இரவு 10.10

புது மெயில் அனுப்பிட்டேன். எட்டு நாள் எடுத்துச்சு ரெண்டு வரி எழுத. ஐ லாஸ்ட் ஹார்ட் ஆஃப்டர் த தேர்ட் ரிஜெக்‌ஷன். ஐ நீட் எ வீக் பிஃபோர் ஐ ட்ரை அகெய்ன். டிஸ்கரேஜ்டுன்னே போட்டிருக்கலாம், சரியாத்தான் இருந்திருக்கும், ஆனா அது யாரோ எனக்குப் பண்ணின மாதிரி கேட்டுச்சு. என் கைதான் நழுவிச்சு, அதனால லாஸ்ட் ஹார்ட். முதல் மெயில் பத்தியும் ஒரு வரி சேத்தேன், உங்களைப் பயமுறுத்தினதுக்கு வருத்தப்படறேன், கேட்டதுக்கு நன்றின்னு.

காலையில பதில் வந்துச்சு, ரெண்டு வாரம் எடுத்துக்கோங்கன்னு. இந்தத் தடவை போன் வரல.

மார்ச் 12, காலை 7.30

நொந்து போறதைப் பத்திக் கேட்ட அந்த அக்கா, அப்புறமா துவண்டு போறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு கேட்டது அப்படியே நிக்குது. டிஸ்பிரிட்டட் கிட்ட வருது, ஆனா அதுல மூச்சு போச்சு, கொடி இல்ல. வில்ட்டட்ல கொடி இருக்கு, ஆனா ஆளுக்குச் சொன்னா வெயில்ல வாடினதாத்தான் படும். ரெண்டுலயும் தண்ணி ஊத்தினா நிமிரும்ங்கிறது வரல. யாருக்காவது கிடைச்சா எழுதுங்க.